மலேசியாவும் சீனாவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கிலும் அதைச் சுற்றியுள்ள வட மாநிலங்களிலும் வாழும் தமிழ் வாசகர்கள், குறிப்பாகப் படிவம் ஆறு மாணவர்களும் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் வேலை செய்வோரும், மலேசிய–சீன உறவைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. நாளிதழ்த் தலைப்புகள் அமைச்சர்களின் பேச்சைக் கொண்டே இந்த உறவை அளக்கின்றன. பேச்சை ஓரமாக வைத்துவிட்டு, கடலிலும் துறைமுகத்திலும் ஒப்பந்தத் தாளிலும் நடப்பதைப் பார்ப்பதே சரியான அளவு என்பது இந்தப் பக்கத்தை எழுதுபவரின் கருத்து.

மலேசியா சீனாவுடன் எப்போது, எதற்காகத் தூதரக உறவை ஏற்படுத்திக்கொண்டது?

1974-ஆம் ஆண்டு மே 31-ஆம் தேதி, பெய்ஜிங்கில் பிரதமர் துன் அப்துல் ரசாக்கும் சீனப் பிரதமர் சௌ என்லாயும் கூட்டறிக்கையில் கையொப்பமிட்டனர். தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியான் 1967-இல் தொடங்கிய பிறகு, அதன் உறுப்பு நாடுகளில் இந்த அடியை முதலில் எடுத்து வைத்தது மலேசியாதான். பிலிப்பீன்சும் தாய்லாந்தும் மறு ஆண்டில் பின்தொடர்ந்தன. இந்தோனேசியாவும் சிங்கப்பூரும் 1990 வரை காத்திருந்தன.

காரணங்கள் வெளியிலும் இருந்தன, வீட்டுக்குள்ளும் இருந்தன. சூயஸுக்குக் கிழக்கே உள்ள தன் படைகளை விலக்கிக்கொள்ளப் போவதாக பிரிட்டன் 1968-இல் அறிவித்தது. வியட்நாமில் சிக்கிக்கொண்ட அமெரிக்கா, ஆசிய நாடுகள் தங்கள் பாதுகாப்பைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லத் தொடங்கியது. காவலுக்கு நின்றவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பும்போது, பக்கத்தில் இருக்கும் பெரிய நாட்டோடு நேரடியாகப் பேசுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. ஐக்கிய நாட்டு நிறுவனத்தில் சீனாவின் இடம் பெய்ஜிங்குக்கே உரியது என்று மலேசியா 1971-இல் வாக்களித்தது. அதே ஆண்டு நவம்பரில், தென்கிழக்காசியாவை அமைதியும் சுதந்திரமும் நடுநிலையும் நிலவும் வட்டாரமாக்கும் ஆசியான் பிரகடனம் கோலாலம்பூரில் வெளியானது. வீட்டுக்குள் இருந்த காரணம், 1969 மே 13 இனக்கலவரத்துக்குப் பிறகு சீன வாக்காளர்களின் நம்பிக்கையைத் திரும்பப் பெற வேண்டியிருந்தது. பெய்ஜிங் பயணம் முடிந்து மூன்று மாதங்களுக்குள், 1974 ஆகஸ்டில், பொதுத் தேர்தல் நடந்தது. துன் ரசாக் சீனத் தலைவர்களோடு கைகுலுக்கும் படம் ஆளும் தேசிய முன்னணியின் தேர்தல் சுவரொட்டிகளில் இடம்பெற்றது. வெளியுறவுக் கொள்கைக்கு வாக்கு கிடைக்காது என்று சொல்வோர் இந்தச் சுவரொட்டியை மறந்துவிடுகிறார்கள்.

மலாயாக் கம்யூனிஸ்டுக் கட்சிக்கு ஆதரவு தந்த நாட்டோடு எப்படி உறவு கொள்ள முடிந்தது?

எளிதாக முடியவில்லை. கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒடுக்க 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் புதுக்கிராமங்களையும் தோட்டத்து முள்வேலிகளையும் பார்த்த தலைமுறை 1974-இல் நடுவயதில் இருந்தது. சீனாவின் ஹூனான் மாநிலத்திலிருந்து 1969 முதல் ஒலிபரப்பான ‘மலாயாப் புரட்சியின் குரல்’ வானொலி, மாண்டரின், மலாய், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழிலும் பேசியது. தோட்டத் தொழிலாளியும் அதன் இலக்கு என்பது இதிலிருந்து தெரியும்.

அரசாங்கத்தோடு அரசாங்கம் கொள்ளும் உறவு வேறு, கட்சியோடு கட்சி கொள்ளும் உறவு வேறு என்று பெய்ஜிங் வாதிட்டது. 1978 நவம்பரில் சீனத் தலைவர் டெங் சியாவ்பிங் கோலாலம்பூருக்கு வந்தபோதும் அந்த வாதத்தைக் கைவிடவில்லை. வானொலி 1981-இல்தான் நின்றது. சின் பெங் தலைமையிலான கட்சி 1989 டிசம்பர் 2-ஆம் தேதி தாய்லாந்தின் ஹாட்யாயில் மலேசிய, தாய்லாந்து அரசாங்கங்களோடு உடன்பாடு செய்துகொண்டு ஆயுதங்களைக் கீழே வைத்தது. ஆக, தூதரகங்கள் திறந்த பிறகும் பதினைந்து ஆண்டுகள் காட்டில் துப்பாக்கி இருந்தது. தூதரக உறவை நட்புக்குக் கிடைத்த சான்றிதழாக எடுத்துக்கொள்ளாமல், சந்தேகத்தை மேசைக்குக் கொண்டுவரும் ஏற்பாடாகவே மலேசியா அன்று எடுத்துக்கொண்டது, இன்றும் அப்படித்தான்.

இரு நாடுகளின் கூட்டறிக்கையில் குடியுரிமைக்கு என்ன வேலை?

அந்த அறிக்கையில் நமக்கு மிக நெருக்கமான பகுதியே அதுதான். இரட்டைக் குடியுரிமையை இரு அரசாங்கங்களும் ஏற்பதில்லை என்றும், தாமாக விரும்பி மலேசியக் குடியுரிமை பெற்ற சீன வம்சாவளியினர் சீனக் குடியுரிமையைத் தாமாகவே இழந்தவராவர் என்றும் அது கூறியது. சீனக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புவோர் மலேசியச் சட்டத்தையும் மக்களின் பழக்கவழக்கங்களையும் மதித்து நடக்க வேண்டும் என்றும் சொல்லப்பட்டது. இங்குள்ள சீனர்கள் பெய்ஜிங்கின் மக்களா, கோலாலம்பூரின் மக்களா என்று பல ஆண்டுகளாக அரசியல் மேடைகளில் வீசப்பட்ட கேள்விக்கு, பெய்ஜிங்கின் கையொப்பத்தோடு பதில் கிடைத்தது.

அந்தக் கோடு எவ்வளவு மெல்லியது என்பது 2015 செப்டம்பரில் தெரிந்தது. கோலாலம்பூரில் சீன வணிகர்கள் நிறைந்த பெட்டாலிங் ஸ்திரீட் வட்டாரத்தில் அவர்களுக்கு எதிரான பேரணி நடக்கப் போவதாகப் பேச்சு அடிபட்ட வேளையில், சீனத் தூதர் ஹுவாங் ஹுய்காங் அந்தத் தெருவுக்கே நடந்து வந்தார். அது நிலாப் பண்டிகைக் காலம். வணிகர்களுக்கு நிலா கேக் கொடுத்தார். பிறகு எழுதி வைத்திருந்த அறிக்கையை வாசித்தார். இனவாதத்தை எதிர்ப்பதாகவும், தம் நாட்டு மக்களின் உரிமைக்கும் இரு நாட்டு உறவுக்கும் பாதிப்பு நேர்ந்தால் சீனா சும்மா இருக்காது என்றும் அதில் இருந்தது. கேக்கை விட அறிக்கைதான் பேசப்பட்டது. விஸ்மா புத்ரா, அதாவது மலேசிய வெளியுறவு அமைச்சு, தூதரிடம் விளக்கம் கேட்டது. நல்லெண்ணத்தில் சொன்னதாகவே வைத்துக்கொண்டாலும், 1974-இல் மூடப்பட்ட கதவைத் தட்டும் ஓசை அதில் கேட்டது. இங்குள்ள சீனத் தலைவர்கள் சிலருக்கே அது சங்கடத்தைத் தந்தது.

நமக்கும் இதில் பங்குண்டு. 2007 நவம்பர் 25-ஆம் தேதி மலேசிய இந்தியர்களின் உரிமைகளுக்காக நடந்த ஹிண்ட்ராஃப் பேரணிக்குப் பிறகு, அன்றைய தமிழக முதல்வர் மு. கருணாநிதி மலேசியத் தமிழர்களின் நிலை குறித்து இந்தியப் பிரதமருக்குக் கடிதம் எழுதியபோது, இது மலேசியாவின் விவகாரம், தலையிட வேண்டாம் என்று இங்குள்ள அமைச்சர் ஒருவர் கடுமையாகவே பதிலளித்தார். வெளியிலிருந்து வரும் அக்கறை ஒரு சமூகத்துக்கு ஆறுதலாக இருக்கலாம்; அதே அக்கறை அந்தச் சமூகத்தின் விசுவாசத்தைக் கேள்விக்கு உள்ளாக்கும் ஆயுதமாகவும் மாறிவிடும்.

இந்த உறவு 600 ஆண்டுப் பழமையானது என்று மேடைகளில் சொல்கிறார்களே?

சொல்லலாம், ஆனால் கதையைப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். மலாக்காவைத் தோற்றுவித்த பரமேஸ்வரா 1411-இல் பெரும் பரிவாரத்தோடு மிங் அரசவைக்குச் சென்றார். வடக்கே சயாம் மலாக்காவின் மீது ஆதிக்கம் செலுத்த முயன்ற காலம் அது. சீனப் பேரரசரின் அங்கீகாரமும் அவருடைய கடற்படைத் தளபதி செங் ஹோவின் கப்பல்கள் மலாக்காவில் நங்கூரமிட்டதும் சிறிய துறைமுகத்துக்குக் கவசமாயின. வட்டார அரசு ஒன்று வளரும் பேரரசின் நிழலைப் பயன்படுத்திக்கொண்டதற்கு இது நல்ல சான்று.

மேடையில் சொல்லப்படாத மறுபாதி 1511-இல் வருகிறது. போர்ச்சுகீசியர் மலாக்காவைக் கைப்பற்றினர். தப்பிய சுல்தான் சீனாவிடம் முறையிட்டார். மிங் அரசவை போர்ச்சுகீசியத் தூதுக்குழுவைச் சிறையில் அடைத்தது, மலாக்காவைத் திருப்பித் தரச் சொன்னது. மீட்பதற்கு ஒரு கப்பலையும் அனுப்பவில்லை. தொலைவில் உள்ள பேரரசுக்குத் தன் கணக்கு தனியாக உண்டு.

இடையே ஒரு செய்தி. செங் ஹோ கொண்டுவந்த கல்வெட்டு ஒன்று இலங்கையின் காலி நகரில் 1911-இல் கண்டெடுக்கப்பட்டு, இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1409-ஆம் ஆண்டைச் சேர்ந்த அந்தக் கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகள் உள்ளன. சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தென்னாவரை நாயனாரான திருமாலுக்கும், பாரசீகப் பகுதி அல்லாவுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு காணிக்கைகளைப் பட்டியலிடுகின்றன. அவரவர் தெய்வத்துக்கு அவரவர் மொழியில் மரியாதை. இந்தியப் பெருங்கடல் வணிகத்தில் தமிழைத் தவிர்க்க முடியாது என்று பேரரசின் கடற்படைக்குத் தெரிந்திருந்தது.

வர்த்தகத்தில் சீனா எவ்வளவு பெரியது?

2009 முதல் தொடர்ந்து சீனாதான் மலேசியாவின் மிகப் பெரிய வர்த்தகக் கூட்டாளி. 2024-இல் இரு நாட்டு வர்த்தகம் சுமார் 484 பில்லியன் ரிங்கிட். அது நாட்டின் மொத்த வர்த்தகத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. நாம் விற்பதைவிட வாங்குவது அதிகம். ஆனால் அந்த வாங்குதலில் பெரும்பகுதி, இங்கே பொருத்தப்பட்டோ சோதிக்கப்பட்டோ அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகும் பாகங்கள். ஆகவே ‘சீன வர்த்தகம்’, ‘அமெரிக்க வர்த்தகம்’ என்று இரண்டு தனிப் பெட்டிகள் கிடையாது.

கிழக்குக் கரை ரயில் திட்டத்தில் மலேசியா ஏமாற்றப்பட்டதா?

இப்படிக் கேட்பது பேரம் பேசிய இரு தரப்பையும் குறைத்து மதிப்பிடுவதாகும். பிரதமர் டத்தோஸ்ரீ நஜிப் காலத்தில் 2016-இல் கையொப்பமாகி 2017-இல் தொடங்கப்பட்ட இத்திட்டம், கிளந்தானையும் திரெங்கானுவையும் பகாங்கையும் கிள்ளான் துறைமுகத்தோடு இணைப்பது. செலவில் 85 விழுக்காடு சீன ஏற்றுமதி–இறக்குமதி வங்கியின் கடன். கட்டுவது சீன அரசு நிறுவனம். 2018 மே மாதம் ஆட்சி மாறியது. செலவு 65.5 பில்லியன் ரிங்கிட் என்று இருந்த இத்திட்டத்தின் வேலையைப் புதிய அரசாங்கம் ஜூலையில் நிறுத்தியது.

அடுத்து நடந்ததுதான் படிக்க வேண்டிய பாடம். புதிய பிரதமர் துன் மகாதீர் ஆகஸ்டில் பெய்ஜிங்குக்குச் சென்று, சீனப் பிரதமர் லீ கெச்சியாங்கை அருகில் வைத்துக்கொண்டே, ஏழை நாடுகள் பணக்கார நாடுகளோடு போட்டியிட முடியாத நிலையில் புதிய வகைக் காலனியம் உருவாகிவிடக் கூடாது என்றார். உலக ஊடகங்கள் அந்த வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொண்டன. ஆனால் திட்டத்தைப் பற்றிப் பேசும்போது அவர் சீனாவைக் குற்றம் சாட்டவில்லை. எங்களிடம் பணமில்லை, எங்கள் முந்தைய அரசாங்கம் செய்த தவறு என்றே சொன்னார். எதிர்த்தரப்பின் முகம் காப்பாற்றப்பட்டது. எட்டு மாதப் பேச்சுக்குப் பிறகு, முன்னாள் நிதி அமைச்சர் துன் டைம் தலைமையிலான குழு 2019 ஏப்ரலில் செலவை 44 பில்லியனாகக் குறைத்தது, பாதை குறுகியது, ரயிலை ஓட்டும் பொறுப்பிலும் நட்டத்திலும் சீன நிறுவனம் பங்கேற்க ஒப்புக்கொண்டது. பின்னர் வந்த அரசாங்கம் பாதையை மாற்றியதால் அது 665 கிலோமீட்டர், 50.27 பில்லியன் என ஏறியது. கடன் கடனாகவே இருக்கிறது. கிழக்குக் கரையில் அவ்வளவு சரக்கு கிடைக்குமா என்ற ஐயமும் நியாயமானதே. ஆனால் விதிகளை மாற்றவே முடியாது என்பதை இந்தத் திட்டம் பொய்யாக்கியது. முதலில் கையெழுத்திட்டவர்கள் ஏன் அந்தப் பேரத்தைப் பேசவில்லை என்பது நம்மவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி.

தென்சீனக் கடலில் உண்மையில் என்ன தகராறு?

சபா, சரவாக் கரைகளிலிருந்து 200 கடல் மைல் வரை மலேசியாவின் தனிப் பொருளாதார மண்டலம். கடல் சட்டம் குறித்த ஐக்கிய நாட்டு உடன்படிக்கை அந்த உரிமையைத் தருகிறது. தன் கடல் எல்லை என்று சீனா கோடிட்டுக் காட்டும் வரைபடம் இந்த மண்டலத்தின் பெரும் பகுதியைத் தன்னுள் எடுத்துக்கொள்கிறது. கூடுதல் கண்டத்திட்டுக்கான (கரையிலிருந்து நீளும் கடலடி நிலத்துக்கான) விண்ணப்பத்தை மலேசியாவும் வியட்நாமும் 2009 மே 6-ஆம் தேதி ஐக்கிய நாட்டு நிறுவனத்தில் சேர்ந்து கொடுத்தன. மறுநாளே சீனா அந்த வரைபடத்தை இணைத்து மறுப்புக் கடிதம் அனுப்பியது.

இடங்களின் பெயரைத் தெரிந்துகொள்வது நல்லது. சரவாக் கரையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டரில் பெத்திங் செருப்பாய். அது எப்போதும் நீருக்கடியில் இருக்கும் மேடு. அதைவிடத் தொலைவில் பெத்திங் பத்திங்கி அலி. அங்கே 2013 முதல் சீனக் கடலோரக் காவல் கப்பல்கள் ஏறக்குறைய நிரந்தரமாக நிற்கின்றன. மலேசியாவும் சும்மா இருக்கவில்லை. 1983 முதல் லாயாங் லாயாங் தீவில் கடற்படை நிலை கொண்டிருக்கிறது. தகராறின் நடுவில் இருப்பது பாறை அல்ல, எரிவாயு. பிந்துலுவில் திரவமாக்கப்பட்டு ஜப்பானுக்கும் கொரியாவுக்கும், சீனாவுக்குமேகூட ஏற்றுமதியாகும் வாயு இந்தக் கடலடியிலிருந்துதான் வருகிறது.

பிலிப்பீன்ஸைப் போல மலேசியா ஏன் வெளிப்படையாகப் பேசுவதில்லை?

பிலிப்பீன்ஸ் அனைத்துலக நடுவர் மன்றத்துக்குச் சென்று 2016 ஜூலை 12-ஆம் தேதி சாதகமான தீர்ப்பைப் பெற்றது. சீனா அதை ஏற்கவில்லை. மணிலா இப்போது கப்பல்கள் மோதிக்கொள்ளும் காணொளிகளை உலகுக்கு வெளியிடுகிறது. மலேசியா கடிதம் எழுதுகிறது, கடிதத்தை மூடி வைக்கிறது.

2024 ஆகஸ்டு இறுதியில் அந்த மூடி விலகியது. பெத்திங் பத்திங்கி அலி அருகே எண்ணெய், எரிவாயுப் பணிகளை நிறுத்தச் சொல்லி, அதே ஆண்டு பிப்ரவரியில் பெய்ஜிங்கில் உள்ள மலேசியத் தூதரகத்துக்குச் சீனா அனுப்பிய குறிப்பை பிலிப்பீன்ஸ் நாளேடு ஒன்று வெளியிட்டது. விஸ்மா புத்ராவின் அறிக்கை குறிப்பின் உள்ளடக்கத்தைப் பற்றி அதிகம் கவலைப்படவில்லை. கசிவைப் பற்றித்தான் கவலைப்பட்டது. காவல் துறையில் புகார் செய்யப்படும் என்றும் சொன்னது. கேட்பவருக்கு இது கோழைத்தனமாகத் தோன்றலாம். ஆனால் சில நாட்களில், ரஷ்யாவின் விளாடிவோஸ்டோக் நகரில் இருந்த பிரதமர் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம், எங்கள் எல்லைக்குள் துரப்பணத்தை நிறுத்த மாட்டோம், இது சீனாவைச் சீண்டுவதற்காக அல்ல என்று சொல்லிவிட்டார். நிறுத்தவும் இல்லை.

2020-இலும் இதே முறைதான். மலேசியாவின் தேசிய எண்ணெய் நிறுவனமான பெட்ரோனாஸ் அமர்த்திய துரப்பணக் கப்பலைச் சுற்றிச் சீன ஆய்வுக் கப்பலும் காவல் கப்பல்களும் வட்டமிட்டன. பிறகு அமெரிக்க, ஆஸ்திரேலியப் போர்க்கப்பல்களும் வந்தன. அன்றைய வெளியுறவு அமைச்சர் ஹிஷாமுடின் ஹுசேன், போர்க்கப்பல்கள் கூடுவதே பதற்றத்தைக் கூட்டும் என்று இரு தரப்பையும் சேர்த்தே சொன்னார். கப்பல் தன் வேலையை முடித்துக்கொண்டு மே மாதத்தில் கிளம்பியது.

அமைதிக்கும் எல்லை உண்டு. 2021 மே 31-ஆம் தேதி சீன விமானப்படையின் 16 விமானங்கள் சரவாக் கரைக்கு அருகே அணிவகுத்து வந்தபோது, லாபுவானிலிருந்து மலேசியப் போர் விமானங்கள் எழுந்தன. விமானப்படை படங்களோடு அறிக்கை வெளியிட்டது. விஸ்மா புத்ரா தூதரை அழைத்துக் கண்டித்தது. தூதரக உறவின் 47-ஆம் ஆண்டு நிறைவு நாள் அது என்பதை அறிக்கை எதுவும் குறிப்பிடவில்லை.

அப்படியானால் இந்த மௌனம் பயமா, தந்திரமா?

இரண்டும் கலந்தது என்பதே நேர்மையான பதில். ஆனால் உரக்கப் பேசுவதற்கு என்ன விலை என்பதை நாம் வேறோர் இடத்தில் பார்த்திருக்கிறோம். 2019 செப்டம்பரில் ஐக்கிய நாட்டுப் பொதுப் பேரவையில் துன் மகாதீர், இந்தியா காஷ்மீரை ஆக்கிரமித்திருக்கிறது என்று பேசினார். 2020 ஜனவரியில் இந்தியா சுத்திகரிக்கப்பட்ட செம்பனை எண்ணெயை இறக்குமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. அதுவரை மலேசிய எண்ணெயின் முதன்மையான சந்தை இந்தியா. பேசியவர் நியூயார்க்கில் இருந்தார். விலை சரிவைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் செம்பனைத் தோட்டங்களில் இருந்தார்கள். அந்தக் கசப்பு நீங்கி, 2024 ஆகஸ்டில் இந்தியாவுடனான உறவு சீனாவுடன் உள்ள அதே நிலைக்கு, விரிவான வியூகப் பங்காளித்துவத்துக்கு, உயர்த்தப்பட்டது.

சீனாவின் ஜின்ஜியாங் வட்டாரத்தில் உய்குர் முஸ்லிம்கள் நடத்தப்படும் விவகாரத்தில் மலேசியா வேறு வழியில் நடந்தது. தடுத்து வைக்கப்பட்டிருந்த 11 உய்குர் இனத்தவரைத் திருப்பி அனுப்பச் சீனா கேட்டும், 2018 அக்டோபரில் அவர்களைத் துருக்கிக்குப் போகவிட்டது. உரத்த பேச்சு எதுவுமில்லை. 2022-இல் ஐக்கிய நாட்டு மனித உரிமை மன்றத்தில் ஜின்ஜியாங் பற்றி விவாதிக்கலாமா என்ற வாக்கெடுப்பில் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டது. முதல் செயல் துணிவானது என்றே கருதுகிறேன். இரண்டாவதைப் பாராட்ட முடியவில்லை. பாலஸ்தீனத்துக்காக அவ்வளவு உரக்கப் பேசும் நாடு இதில் தொண்டையைச் செருமிக்கொண்டு நிற்பது, கொள்கையைவிடக் கணக்கே பெரிதாக இருப்பதைக் காட்டுகிறது.

ராணுவ ரீதியில் மலேசியா எந்தப் பக்கம்?

பதில் பட்டர்வொர்த்திலேயே கிடைக்கும். பினாங்குப் பெருநிலத்தில் படகுத்துறைக்கு வடக்கே உள்ள விமானப்படைத் தளத்தில்தான், 1971-இல் உருவான ஐந்து நாட்டுத் தற்காப்பு ஏற்பாட்டின் ஒருங்கிணைந்த தலைமையகம் இயங்குகிறது. மலேசியா, சிங்கப்பூர், பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகியவை அதன் உறுப்பினர்கள். தாக்குதல் நேர்ந்தால் கலந்து பேசுவோம் என்பது மட்டுமே அதன் கடமை. சேர்ந்து போரிடுவோம் என்ற வாக்குறுதி இல்லை. அந்த நெகிழ்வே அதை இவ்வளவு காலம் வாழ வைத்திருக்கிறது.

மறுபுறம், சீனாவில் கட்டப்பட்ட நான்கு ரோந்துக் கப்பல்கள் மலேசியக் கடற்படையில் உள்ளன; அவற்றில் முதலாவதான கேடி கெரிஸ் 2020-இல் பணியில் சேர்ந்தது. சீனப் படையோடு கூட்டுப் பயிற்சியும் நடக்கிறது. விமானப்படையிடம் ரஷ்யாவின் சுகோயும் அமெரிக்காவின் ஹார்னெட்டும் இருக்கின்றன. அடுத்து வருபவை தென்கொரிய விமானங்கள். இத்தனை நாட்டு உதிரிபாகங்களை வைத்துப் பராமரிப்பது பொறியாளர்களுக்குத் தலைவலி. ஒரே கடையில் கணக்கு வைத்துக்கொள்ள விரும்பாத நாடு அந்தத் தலைவலிக்குப் பணம் கட்டுகிறது.

அமெரிக்க–சீனப் போட்டி பினாங்குத் தொழிற்சாலை வேலையை எப்படிப் பாதிக்கும்?

பாயான் லெப்பாஸில் 1972-இல் சுதந்திர வர்த்தக மண்டலம் தொடங்கியபோது முதலில் வந்தவற்றில் இன்டெல், ஏஎம்டி, போஷ் ஆகியவை இருந்தன. இன்று உலகில் நடக்கும் சில்லுப் பொதியிடல், சோதனை வேலைகளில் ஏறத்தாழ 13 விழுக்காடு மலேசியாவில் நடக்கிறது. அதில் பினாங்கின் பங்கு முதன்மையானது. வர்த்தகப் போர் 2018-இல் மூண்ட பிறகு, சீனாவுக்கு வெளியே இடம் தேடிய அமெரிக்க நிறுவனங்களும், அதே காரணத்துக்காகச் சீனாவிலிருந்து வெளியே வந்த சீன நிறுவனங்களும் பத்து கவானிலும் கூலிமிலும் வந்து சேர்ந்தன. ஒரே சாலையில் இரு தரப்புத் தொழிற்சாலைகளின் பேருந்துகளும் தொழிலாளர்களை இறக்கிவிடுகின்றன. இது வரை நமக்கு லாபம்.

இடையில் நிற்பதன் விலை தாளில் வருகிறது. ஏற்றுமதிப் பிரிவில் வேலை செய்வோருக்குத் தெரியும்: பொருள் எந்த நாட்டில் உற்பத்தியானது என்று காட்டும் சான்றிதழை முன்பு வர்த்தகச் சங்கங்களும் கொடுத்தன. 2025 மே 6 முதல், அமெரிக்காவுக்குப் போகும் சரக்குக்கு அதை அனைத்துலக வாணிப, தொழில் அமைச்சு மட்டுமே தருகிறது. சீனப் பொருளுக்கு மலேசிய முத்திரை குத்தி வரியைத் தப்புவிக்கிறார்கள் என்ற வாஷிங்டனின் சந்தேகமே காரணம். அதே ஆண்டு ஜூலை 14 முதல், அமெரிக்கத் தொழில்நுட்பம் கொண்ட உயர்திறன் செயற்கை நுண்ணறிவுச் சில்லுகளை ஏற்றுமதி செய்யவோ இந்நாட்டின் வழியே வேறு நாட்டுக்கு அனுப்பவோ அனுமதி தேவைப்படுகிறது.

2025 அக்டோபர் 26-ஆம் தேதி கோலாலம்பூரில் அதிபர் டிரம்பும் பிரதமர் அன்வாரும் கையொப்பமிட்ட பரஸ்பர வர்த்தக உடன்பாடு இதைவிடக் கனமானது. பொருளாதாரப் பாதுகாப்பின் பேரில் அமெரிக்கா மூன்றாம் நாடொன்றுக்கு எதிராக எடுக்கும் நடவடிக்கைக்கு ஈடானதை மலேசியாவும் எடுக்க வேண்டியிருக்கலாம் என்று படிக்கத்தக்க பிரிவு அதில் உள்ளது. சீன வர்த்தக அமைச்சு தன் கடுமையான கவலையைத் தெரிவித்தது. தன் இறையாண்மைக்குக் குறைவில்லை என்று மலேசியா விளக்கியது. அடுத்த இரண்டே நாட்களில் அதே நகரில், ஆசியானும் சீனாவும் தங்கள் தடையற்ற வர்த்தக உடன்பாட்டின் புதிய வடிவில் கையொப்பமிட்டன. மேசை ஒன்று, பேனாக்கள் இரண்டு. பக்கம் சாராமை என்பது இனி அறிக்கையில் எழுதிவிடக்கூடிய நிலைப்பாடாக இருக்காது. ஒவ்வொரு பிரிவுக்கும் வழக்கறிஞர்களும் சுங்க அதிகாரிகளும் உட்கார்ந்து உழைக்க வேண்டிய வேலையாகிவிட்டது.

ஆசியான் கூட்டாக நின்றால் சீனாவைச் சமாளிக்க முடியாதா?

கடலில் நடந்துகொள்ளும் முறை பற்றிய பிரகடனத்தில் ஆசியானும் சீனாவும் 2002 நவம்பரில் கையொப்பமிட்டன. அதைச் சட்டக் கட்டுப்பாடுள்ள நடத்தை விதியாக்கும் பேச்சு இன்னும் முடியவில்லை. கடலோரமே இல்லாத லாவோசும் கடலில் நேரடியாக மோதும் பிலிப்பீன்சும் ஒரே வாக்கியத்தில் ஒத்துப்போக வேண்டும் என்பது ஆசியான் விதி. அந்த வாக்கியம் எப்படியிருக்கும் என்பதை ஊகிக்கலாம். ஆனாலும், தனியாக அழைக்கப்பட்டால் மறுக்க முடியாததைப் பத்துப் பேரோடு போனால் தள்ளிப்போடலாம். சிறிய நாட்டுக்குத் தள்ளிப்போடுவதும் ஆதாயமே.

தைவானுடன் மலேசியாவுக்கு உறவு உண்டா?

தூதரக உறவு இல்லை. 1974 அறிக்கை பெய்ஜிங்கையே சீனாவின் ஒரே சட்டப்படியான அரசாங்கமாக ஏற்றது. ஆனால் கோலாலம்பூரில் தைப்பேய் பொருளாதார, கலாசார அலுவலகமும், தைப்பேயில் மலேசிய நட்புறவு, வாணிப மையமும் இயங்குகின்றன. தைவான் முதலீடு பினாங்கில் நிறையவே உண்டு. மாணவர்களும் அங்கே படிக்கச் செல்கிறார்கள்.

மலேசியர்கள் சீனா செல்ல விசா வேண்டுமா?

சுற்றுலா, குடும்பத்தைப் பார்த்தல், வணிகம் ஆகியவற்றுக்காகச் சாதாரணக் கடப்பிதழோடு சென்றால் தேவையில்லை. 2025 ஜூலை 17-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த இரு நாட்டு உடன்பாட்டின்படி ஒரு முறைக்கு 30 நாட்கள் வரையும், எந்த 180 நாட்களிலும் மொத்தம் 90 நாட்கள் வரையும் தங்கலாம்; சீனர்களுக்கும் இங்கே அதே சலுகை. வேலை, படிப்பு, ஊடகப் பணி ஆகியவற்றுக்கு முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். வட மாநிலத்தவர் இதற்குக் கோலாலம்பூருக்குப் போகாமல் பினாங்கில் உள்ள சீனத் துணைத் தூதரகத்தின் வழியாகவே விசாரிக்கலாம். சீனாவுக்குப் போகச் சாதாரண மலேசியருக்கு இருந்த கட்டுப்பாடுகள் 1990-இல்தான் நீக்கப்பட்டன என்பதால், உங்கள் வீட்டுப் பெரியவர்கள் இந்தச் சலுகையை நம்ப மறுத்தால் வியப்பில்லை.